பச்சை மூடி ஜார்

அத்தியாயம் ஆறு

முதலில் உள்ளே வந்தது சட்னி. அதைப் பிடித்திருந்த பெண் அதற்குப் பிறகுதான் வந்தாள்.

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் ஒரு பேக்கரிக்கு மேலே ஒற்றை அறையில் இருக்கிறது கேரல் துப்பறியும் நிலையம். சனிக்கிழமை காலை எட்டரை மணி. கேரல் அப்போதுதான் ஜன்னலைத் திறந்திருந்தாள். அவளுடைய உதவியாளன் கவியரசன் அப்போதுதான் வாயைத் திறந்திருந்தான். இரண்டில் ஜன்னலை மட்டும்தான் மூட முடியும்.

"வாங்கக்கா. கையில என்ன, தடயமா?" என்றான் கவி.

"இட்லி, தம்பி. இது சட்னி. வெறுங்கையோட வரக் கூச்சமா இருந்துச்சு."

வந்தவள் பெயர் மங்களம். வயது நாற்பத்தைந்து இருக்கும். பொம்மசந்திராவில் ஒரு மாத்திரை கம்பெனியில் பேக்கிங் லைனுக்கு லீடர். ஒரு மெட்ரோவும் இரண்டு பஸ்ஸும் மாறி வந்திருந்தாள். சட்னி இருந்தது ஒரு மிக்சி ஜாரில். மூடி கிளிப்பச்சை, கைப்பிடியும் கிளிப்பச்சை.

"ஜாரோடவா கொண்டு வந்தீங்க?"

"டப்பா எல்லாம் பஸ்ஸுல ஒழுகும். இந்த மூடி ஒரு சொட்டு சிந்தாது. புது மிக்சி. எங்க வீட்டுக்காரர் கல்யாண நாளுக்கு வாங்கித் தந்தாரு." சொல்லும்போதே அவளுக்கு வெட்கம் வந்தது. "கல்யாணமாகி இருபத்து மூணு வருஷத்துல மொதப் பரிசு."

"இருபத்து மூணு வருஷம் கழிச்சு மொதப் பரிசா? அக்கா, கேஸே இதுதான். வேற எதுக்காச்சும் வந்திருந்தா அதை அப்புறம் பாத்துக்கலாம்."

"கவி, இட்லியைத் தின்னு" என்றாள் கேரல்.

கவியரசன் கிருஷ்ணகிரிக்காரன். முப்பத்தெட்டு வயது. முன்பு கல்யாண மண்டபங்களில் மைக் பிடித்துக்கொண்டிருந்தான். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையைக் கிண்டல் செய்யப் போய், மாப்பிள்ளை அழுது, பெண் சிரித்து, கல்யாணம் முக்கால் மணி நேரம் நின்றுபோனது. அதோடு மைக் போனது. கேரல் அவனைவிட எட்டு வயது பெரியவள். துப்பறிய வருவதற்கு முன் பதினான்கு வருடம் ஓர் ஆஸ்பத்திரியின் பில் கவுன்ட்டரில் இருந்தவள். எந்தக் காகிதத்தையும் எதிர்ப்பக்கமிருந்து தலைகீழாகவே படித்துவிடுவாள்.

மங்களம் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். தங்க நிறம். 'நலம் நாற்பது' என்று எழுதியிருந்தது.

"வருஷத்துக்கு ரெண்டாயிரத்து நானூறு ரூவா. டெஸ்ட்டு, ஸ்கேன், பல்லு, எது எடுத்தாலும் நாற்பது பர்சென்ட் தள்ளுபடின்னாங்க. எங்க லைன்ல நான்தான் மொத ஆளா சேந்தேன். மொத பில்லுலயே ஆயிரத்து முப்பத்து மூணு ரூவா மிச்சம்னு போட்டிருந்துச்சு. அதை எல்லாருக்கும் காட்டினேன். என்னை நம்பி நாற்பது பேர் சேந்தாங்க மேடம். அத்தனை ஃபாரமும் நான்தான் உக்காந்து எழுதினேன்."

"இப்ப என்ன ஆச்சு?"

"ஸ்ரீலக்ஷ்மின்னு ஒருத்தி. எங்க லைன்தான். கார்டு வாங்காதவ. போன வாரம் அதே லேப்ல அதே மூணு டெஸ்ட் எடுத்தா. கார்டு வச்சிருந்த எனக்கு ஆயிரத்து ஐந்நூத்தம்பது. கார்டு இல்லாத அவளுக்கு ஆயிரத்து நானூறு."

கவி மூன்றாவது இட்லியை நிறுத்தி வைத்தான்.

"அந்த பில்லு லாவண்யா கண்ணுல பட்டுச்சு. அவ பெங்களூர்லயே பொறந்து வளந்தவ. அவ வாய்க்கு மைக் தேவையில்ல. மங்களம் கமிஷன் வாங்கிட்டுத்தான் நம்ம தலையில கட்டிட்டான்னு கேன்டீன் பூரா சொல்லிட்டா. திங்கக்கிழமை சாப்பாட்டு நேரத்துல எல்லாரும் சேந்து என்னைக் கேக்கப் போறாங்க." மங்களம் புடவைத் தலைப்பைச் சுருட்டினாள். "பத்தொம்பது வருஷமா அந்த லைன்ல நிக்கிறேன். தலைவலிக்குக்கூட அங்கருந்து ஒரு மாத்திரை எடுத்ததில்ல. எனக்கு ரெண்டே விஷயம் வேணும் மேடம். இந்தக் கார்டு குடுத்த காசுக்கு லாயக்கா இல்லையான்னு தெரியணும். லாயக்கில்லன்னா நானே எல்லார் முன்னாடியும் ஒத்துக்கறேன். ஆனா நான் கமிஷன் வாங்கலன்னு அவங்க நம்பணும்."

"வாங்கலையே?"

"சத்தியமா இல்ல."

கேரல் இரண்டு பில்லையும் வாங்கிப் அருகருகே வைத்தாள். மங்களத்தின் பில்லில் மூன்று சோதனைகள். விலை: 583, 917, 1083. தள்ளுபடிக்குப் பிறகு: 350, 550, 650.

"கவி, கடைக்காரன் விலை எப்படி வைப்பான்?"

"கடைசியில தொண்ணூத்தொம்பது வைப்பான் மேடம். செருப்புக் கடையில பாத்திருக்கேன்."

"ஐந்நூத்து எண்பத்து மூணுன்னு வைப்பானா?"

"ஜோசியர் சொல்லியிருந்தா வைப்பான்."

"தள்ளுபடி போன பிறகு வர்ற தொகையைப் பாரு."

கவி எட்டிப் பார்த்தான். "முந்நூத்தம்பது, ஐந்நூத்தம்பது, அறுநூத்தம்பது. எல்லாம் பொண்ணு பாக்க வந்த மாதிரி லட்சணமா இருக்கு."

"எப்பவும் விலைதான் லட்சணமா இருக்கும். தள்ளுபடி அதைக் கோணலாக்கும். இங்கே கோணலா இருக்கறது விலை."

"அப்படின்னா…" கவி விரலில் இருந்த சட்னியை நக்கிவிட்டு யோசித்தான். "நிஜ விலை முந்நூத்தம்பது. அதை ஐந்நூத்து எண்பத்து மூணுன்னு ஏத்தி எழுதிட்டு, கார்டைக் காட்டினா மறுபடி எறக்கறாங்க. மேலே தூக்கிட்டுப் போய்க் கீழ எறக்கி விட்டதுக்குக் கூலி ரெண்டாயிரத்து நானூறு!"

மங்களத்தின் முகம் வாடியது.

"அது பாதிதான்" என்றாள் கேரல். "ஆயிரத்து ஐந்நூத்தம்பது நிஜ விலைன்னா ஸ்ரீலக்ஷ்மி ஏன் அதுக்கும் கீழே கொடுத்தாங்க? அவங்க நல்லா பேரம் பேசுவாங்களா?"

அன்று முதல்முறையாக மங்களம் சிரித்தாள். "அவளா? கேன்டீன் சாம்பார்ல உப்பு இல்லன்னாகூடக் கேக்க மாட்டா மேடம். அப்படியே தின்னுட்டு எழுந்து போவா. காய்கறிக்காரன் சொன்னதுதான் விலை. நான்தான் கொத்தமல்லிக் கட்டுக்குக்கூட மல்லுக்கட்டுவேன்."

"லேப்ல மல்லுக்கட்டினீங்களா?"

"கார்டு கையில இருக்கும்போது எதுக்கு மேடம்? அசிங்கமா இருக்காது?"

கேரல் பில்லை மடித்தாள். அவள் உதட்டில் ஒரு சின்னச் சிரிப்பு வந்து போனது. கவிக்கு அந்தச் சிரிப்பு தெரியும். அது வந்தால் ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போட வேண்டும்.

"உங்க கார்டு இன்னைக்கு மட்டும் என்கிட்ட இருக்கட்டும். சாயங்காலம் வீட்டுக்கே வந்து தரோம். ஜாரையும் கழுவிக் கொண்டு வரோம்."

"ஜாரைக் கழுவுறது யாரு மேடம்?" என்றான் கவி.

யாரும் பதில் சொல்லவில்லை. பதில் அதுதான்.

*

சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் ஸ்கூட்டர் இருபது நிமிடம் நின்றது. பேச நேரம் கிடைத்தது.

"எனக்கு இன்னைக்கு என்ன வேஷம்?"

"நோயாளி."

"வசனம்?"

"கார்டு இருக்கான்னு கேட்டா, இல்லைன்னு சொல்லு. விலை சொல்லுவாங்க. அதுக்குப் பிறகு ஒரு வார்த்தை பேசக்கூடாது. கோபப்படக்கூடாது. நகரவும் கூடாது. சும்மா நில்லு."

"எவ்வளவு நேரம்?"

"உன்னால முடியிற வரைக்கும்."

"அப்ப நாலு செகண்ட்."

லேப், பொம்மசந்திரா பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்தது. மாடியில் ஒரு பல் டாக்டர். லேப்பின் சுவர் முழுக்கச் சிரிக்கும் குடும்பங்களின் படங்கள். ரத்தம் எடுக்கப்போகிறவர்கள் யாரும் அப்படிச் சிரித்து கவி பார்த்ததில்லை. கவுன்ட்டரில் ஒரு பெண். சட்டையில் குத்தியிருந்த பட்டையில் தர்ஷினி என்று இருந்தது.

கேரல் ஒரு நோயாளியின் அக்காவைப் போல மூலையில் உட்கார்ந்தாள். கவி முன்னே போய் மூன்று சோதனைகளின் பெயரையும் சொன்னான்.

"கார்ட் இதெயா சார்?" என்றாள் தர்ஷினி.

"கார்டா? ரேஷன் கார்டு இருக்கு." மூலையிலிருந்து ஓர் இருமல் வந்தது. "இல்லீங்க. கார்டு இல்ல."

"ரெண்டாயிரத்து ஐந்நூத்து எண்பத்து மூணு சார்."

கவி வாயை மூடினான்.

அது அவனுக்குப் பழக்கமில்லாத வேலை. கன்னம் இரண்டும் லேசாக உப்பின. கண் கலங்கியது. தர்ஷினி கம்ப்யூட்டரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"ஹோம் கலெக்‌ஷன் வேணுமா சார்?"

கவி பேசவில்லை.

"ரிப்போர்ட் சாயங்காலமே வாட்ஸப்ல வந்துடும்."

கவி பேசவில்லை. அவனுக்குள் எட்டு பதில்கள் வரிசையில் நின்று ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன.

தர்ஷினி நாற்காலியை நகர்த்தினாள். "ஸ்வல்ப இரி சார், ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் மேனேஜரிடம் போனாள். திரும்பி வந்தாள்.

"உங்களுக்காக ஆயிரத்து ஐந்நூத்தம்பது போட்டுத் தரோம்."

கவியின் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது.

தர்ஷினி குரலைத் தாழ்த்தினாள். "சரி, ஆயிரத்து நானூறு. அதுதான் லாஸ்ட் சார். அதுக்குக் கீழ என் சிஸ்டமே போகாது. காலையில ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?"

அணை உடைந்தது. "ஒன்பது இட்லிங்க! அதோட சட்னி, நல்ல தேங்காய்ச் சட்னி, அதுல பச்சை மிளகாய் ஒரு துளி தூக்கல்…"

"வெறும் வயித்துல வரணும் சார்" என்றாள் தர்ஷினி. அவளுக்கே நிம்மதியாக இருந்தது போலிருந்தது.

இப்போது கேரல் எழுந்து வந்தாள். தங்க அட்டையைக் கவுன்ட்டரில் வைத்தாள். அதே மூன்று சோதனைகள். தர்ஷினி தட்டினாள். 2583, தள்ளுபடி போக 1550.

கேரல் பேசாமல் நின்றாள். பத்து விநாடி. இருபது விநாடி. தர்ஷினி அசையவில்லை.

"கொஞ்சம் குறைச்சுக்கோங்கம்மா."

"கார்டு போட்டாச்சே மேடம். கார்டு போட்டா சிஸ்டம் லாக் ஆயிடும். மேனேஜர் வந்தாலும் ஒரு ரூபாய் மாத்த முடியாது."

கேரல் தலையாட்டினாள். கவுன்ட்டருக்கு உள்பக்கம் ஒட்டியிருந்த விலைத்தாளைத் தலைகீழாகப் படித்தாள். அதில் மூன்று பத்திகள் இருந்தன: 'கார்டு', 'கேட்டால்', 'கடைசி'. பிறகு அந்தப் பெண்ணின் பக்கமாகக் குனிந்தாள்.

"நானும் பதினாலு வருஷம் இந்த மாதிரி கவுன்ட்டர்ல உட்கார்ந்தவதான். உன் பேர் எங்கேயும் வராது. இந்தக் கார்டால நிஜமாவே யாருக்காவது லாபம் உண்டா?"

தர்ஷினி கண்ணாடிக் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, விரலால் மேலே காட்டினாள்.

"கடவுளா?" என்றான் கவி.

"பல் டாக்டர் சார். அவர் எல்லாருக்கும் ஒரே ரேட். போர்டுல எழுதி வச்சிருப்பார். அழுதாலும் குறைக்க மாட்டார். கார்டு இருந்தா மட்டும் அவர் ரேட்ல நிஜமாவே நாற்பது போகும். ரெண்டு பல்லுக்கு வேர் சிகிச்சை பண்ணிக்கிட்டா கார்டு காசு வந்துடும்."

வெளியே வரும்போது கேரல் வாசலருகே நின்றுவிட்டாள். அங்கே 'நலம் நாற்பது' கம்பெனியின் சுவரொட்டி ஒன்று இருந்தது. அதையே பார்த்தாள். செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு இப்போது இல்லை.

"என்ன மேடம்? கேஸ் முடிஞ்சாச்சு. கார்டு வீண், பல்லு விதிவிலக்கு. நான் வரலாற்றுலயே முதல் தடவையா ஒன்றரை நிமிஷம் பேசாம நின்னிருக்கேன். ஒரு பாராட்டு?"

"ஜார் எங்கே?"

"ஸ்கூட்டர் டிக்கியில. கழுவிட்டேன். ஏன்?"

"பத்திரமா எடுத்துட்டு வா" என்றாள் கேரல்.

*

மங்களத்தின் வீடு தொழிற்பேட்டைக்குப் பின்னால், இரண்டு அறைகள் கொண்ட ஒரு போர்ஷன். அவள் கணவன் அர்ஜுனன் ஒரு கம்பெனியில் வேன் ஓட்டுகிறவன். சனிக்கிழமை அரை நாள். பனியனோடு உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தவன், எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு விருந்தாளிகளுக்கு நாற்காலி எடுத்துப் போட்டான். நல்ல மனிதனாகத்தான் தெரிந்தான்.

கேரல் நடந்ததைச் சொன்னாள். மங்களம் வாயைப் பிளந்தாள்.

"சும்மா நின்னா கொறைக்கறாங்களா?"

"சண்டை போடறவங்களுக்குச் சொல்ல, கவுன்ட்டர்ல உட்கார்ந்த எங்ககிட்ட எப்பவும் பதில் இருக்கும். சும்மா நிக்கிறவங்களைப் பார்த்தாத்தான் கை கால் ஓடாது. எழுந்து போயிடுவாங்களோன்னு பயம். ஸ்ரீலக்ஷ்மிக்குப் பேசத் தெரியாது. அதனால விலை தானா இறங்கிச்சு. உங்ககிட்ட கார்டு இருந்துச்சு. அதனால உங்க வாயும் மூடிடுச்சு, அவங்க சிஸ்டமும் மூடிடுச்சு."

"கொத்தமல்லிக்கு மல்லுக்கட்டுற நான்…" மங்களம் தலையில் அடித்துக்கொண்டாள். "அப்ப கார்டு வீண்தான்."

"பல் வேலை இருக்கறவங்களுக்கு லாயக்கு. மத்தவங்களுக்கு வீண். இன்னொண்ணும் சொல்லிடுங்க, இது இன்சூரன்ஸ் இல்லை. ஆஸ்பத்திரியில போய்ப் படுத்தா இந்தக் கார்டு ஒரு ரூபாய் கொடுக்காது."

"லாவண்யா இதை இன்சூரன்ஸ்னுதான் நெனச்சிட்டிருக்கா." மங்களம் பெருமூச்சு விட்டாள். ஆனால் முகம் தெளிந்திருந்தது. "பரவால்ல மேடம். ஏமாந்தேன்னு சொல்லிக்கலாம். ஏமாத்தலையே. கமிஷன் வாங்கலன்னு தைரியமா சொல்லுவேன்."

கேரல் கவியைப் பார்த்தாள். கவி கழுவிய ஜாரைக் கொண்டுபோய்ச் சமையல் மேடையில் மிக்சிக்குப் பக்கத்தில் வைத்தான். கிளிப்பச்சை மிக்சி, கிளிப்பச்சை மூடி. கேரல் செல்போனை எடுத்து அந்தப் படத்தைத் திறந்து பக்கத்தில் வைத்தாள்.

படத்தில் அதே மிக்சி இருந்தது. அதே கிளிப்பச்சை. மேலே எழுதியிருந்தது: 'பத்துப் பேரைச் சேர்த்தால் ஹாட்பாக்ஸ். இருபத்தைந்து பேரைச் சேர்த்தால் கெட்டில். நாற்பது பேரைச் சேர்த்தால் மிக்சி!'

அர்ஜுனனுக்குத் திடீரென்று மின்விசிறியின் மேல் ஆர்வம் வந்துவிட்டது. அண்ணாந்து அதையே பார்த்தான்.

"ஃபாரத்துல 'சேர்த்து விட்டவர் போன் நம்பர்'னு ஒரு கட்டம் இருந்திருக்கும்" என்றாள் கேரல். "அதுல யார் நம்பரை எழுதினீங்க?"

மங்களத்தின் குரல் சின்னதாகிவிட்டது. "அவரு நம்பர். எங்க லைனுக்குள்ள போன் கொண்டு போகக்கூடாது மேடம். பூரா ஷிப்டும் லாக்கர்லதான் கெடக்கும். ஓடிபி வந்தா யார் பாக்கறது? அதனால நாங்க எல்லாருமே எங்க போனாலும் வீட்டு ஆளுங்க நம்பரைத்தான் எழுதுவோம்." மெல்லத் திரும்பினாள். "ஏங்க…"

மின்விசிறி சுற்றியது.

"ஏங்க, உங்களைத்தான்."

"பரிசு விழுந்திருக்குன்னு மெசேஜ் வந்துச்சு" என்றான் அர்ஜுனன், விசிறியிடம். "ஓடிபி கேட்டான், சொன்னேன். எதுக்கு விழுந்துச்சுன்னு யாரு பாத்தா? நான் பாட்டுக்குப் பொட்டியை வாங்கிட்டு உள்ள வரேன், நீ வாசல்லயே நிக்கற. பொட்டியைப் பாத்துட்டு, 'இன்னைக்கு கல்யாண நாள்னு ஞாபகம் வச்சிருந்தீங்களா'ன்னு கேட்ட."

"ஞாபகம் வச்சிருந்தீங்களா?"

"இல்ல."

கவி திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது.

"நீ அவ்ளோ சந்தோஷப்பட்டியா…" அர்ஜுனன் இப்போதுதான் கீழே பார்த்தான். "அக்கம்பக்கம் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டின. அதுக்கப்புறம் நான் என்னன்னு சொல்றது மங்களம்?"

மங்களம் மிக்சியைப் பார்த்தாள். நாற்பது பேர். நாற்பது ஃபாரம். காலையில் செய்த சத்தியம் அந்தச் சமையல் மேடையில் மூன்று ஜாரோடு உட்கார்ந்திருந்தது.

"நீங்க தெரிஞ்சு வாங்கலை" என்றாள் கேரல். "இது நம்ம மூணு பேருக்கும் உங்க வீட்டுக்காரருக்கும்தான் தெரியும். எங்க ஃபைல்ல மிக்சி இருக்கணுமா வேண்டாமாங்கறது உங்க இஷ்டம். கார்டு விஷயத்தை மட்டும் சொன்னாலும் திங்கக்கிழமை கடந்துடும்."

மங்களம் மிக்சி வயரைப் பிடுங்கிச் சுருட்டினாள். பிறகு அலமாரிக்கு மேலே கையை நீட்டினாள்.

"அந்தப் பொட்டியைப் பத்திரமா வச்சிருந்தேன்" என்றாள். "எறக்குங்க."

*

கம்பெனிக்குள் வெளியாட்கள் போக முடியாது. திங்கட்கிழமை ஒரு மணிக்குக் கேரலும் கவியும் எதிர்ப்பக்க டீக்கடையில் நின்றார்கள். உள்ளே நடந்ததை ஸ்ரீலக்ஷ்மிதான் பிறகு வெளியே வந்து சொன்னாள். அவள் வாய் திறந்து சொன்னாள் என்பதே பெரிய செய்தி.

முதல் தகராறு வாசலிலேயே நடந்தது. செக்யூரிட்டி கிருஷ்ணப்பாவுக்கு, ஷிப்டுக்கு மிக்சியோடு வருகிறவரை எந்த விதியில் உள்ளே விடுவது என்று தெரியவில்லை. கடைசியில் வெளியிலிருந்து வரும் இயந்திரங்களுக்கான சீட்டில் 'மிக்சி, ஒன்று, ஜார், மூன்று' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்.

சாப்பாட்டு மணி அடித்தது. மங்களம் பெட்டியைக் கேன்டீனில் நடு மேசையில் வைத்துத் திறந்தாள்.

"கமிஷன் வாங்கினேனான்னு கேட்டீங்க இல்ல? வாங்கியிருக்கேன். இதான்."

சோற்றில் வைத்த கைகள் அப்படியே நின்றன.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஏற்றி இறக்கும் விலை, பல் டாக்டர், லாக்கரில் கிடக்கும் போன், கல்யாண நாள். கல்யாண நாள் வந்தபோது பின்வரிசையில் ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை.

லாவண்யா மட்டும் சிரிக்காமல் எழுந்தாள். "அய்யோ, சும்னே இரு அக்கா. கதை நல்லா இருக்கு. நீ நெஜமாவே தெரியாமத்தான் செஞ்சேன்னு நாங்க எப்படி நம்பறது?"

அப்போதுதான் அது நடந்தது. ஸ்ரீலக்ஷ்மி எழுந்து நின்றாள்.

"தெரிஞ்சு செஞ்சிருந்தா சட்னியை அந்த ஜார்லயே கொண்டு வருவாங்களா?" என்றாள். "மூணு மாசமா இதே ஜார்ல கேன்டீனுக்குக் கொண்டு வராங்க. நம்ம எல்லாரும் வழிச்சு வழிச்சுத் தின்னோம். நீதான் ரெண்டாவது தடவை கேட்டு வாங்கின."

லாவண்யா உட்கார்ந்தாள். பதினோரு வருடத்தில் ஸ்ரீலக்ஷ்மி அவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. அவளே தன் குரலைக் கேட்டுப் பயந்துபோய், சாம்பாரில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

சற்றுக் கழித்து லாவண்யாவே கேட்டாள். "லேப்ல நீ நெஜமாவே ஒண்ணும் பேசலையாடி?"

"என் பர்ஸ்ல ஆயிரத்து நானூறுதான் இருந்துச்சு. அதைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. நின்னுட்டே இருந்தேன்."

மிக்சி கேன்டீனுக்கே என்று முடிவாயிற்று. அங்கே சட்னி எப்போதும் தேங்காய்ச் சில்லாகத்தான் வரும். எதிர்ப்பு ஒருவரிடமிருந்துதான் வந்தது, கேன்டீன் சமையல்காரர் சின்னப்பாவிடமிருந்து. இனி அவர் சாக்குச் சொல்ல முடியாது.

*

அடுத்த சனிக்கிழமை மங்களம் மறுபடி லிங்கராஜபுரம் மாடிக்கு வந்தாள். இந்த முறை சட்னி எவர்சில்வர் டப்பாவில் இருந்தது. கொஞ்சம் ஒழுகியும் இருந்தது.

"கார்டை வச்சுக்கிட்டது மூணே பேர். மூணு பேருக்கும் பல்லு வேலை. மத்தவங்க விட்டுட்டோம்."

"டெஸ்ட்டுக்கு?" என்றாள் கேரல்.

"நேத்து ஷிப்டு முடிஞ்சு முப்பத்தெட்டு பேரும் லேப்புக்குப் போனோம். ஸ்ரீலக்ஷ்மியை முன்னாடி நிக்க வச்சோம். அந்தப் பொண்ணு விலை சொல்லிச்சு. நாங்க யாரும் ஒண்ணும் சொல்லல. சும்மா நின்னோம்."

"முப்பத்தெட்டு பேருமா?" கவிக்கு உடம்பு சிலிர்த்தது. "எவ்வளவு நேரம்?"

"லாவண்யாவுக்குத்தான் கஷ்டமா இருந்துச்சு. வாயில முந்தானையை அடைச்சுக்கிட்டா. மேனேஜர் தானே எழுந்து வெளிய வந்துட்டாரு. ஆயிரத்து நூறு. எப்ப வந்தாலும் எங்க கம்பெனிக்கு அதே விலைன்னு எழுதிக் குடுத்துட்டாரு."

"வீட்டுக்காரர் எப்படி இருக்காரு?"

"நாலு நாளா கடை கடையா ஏறி எறங்கறாரு. என்ன வேணும்னு என்கிட்ட கேட்டாரு. நான் பதில் சொல்லல." மங்களத்தின் கண்ணில் ஒரு குறும்பு தெரிந்தது. "கேக்கக் கேக்க, அவர் சொல்ற பரிசு பெருசாயிட்டே போகுது."

கவி கைதட்டினான். மங்களம் பையைத் திறந்து பர்ஸை எடுத்தாள். "உங்க ஃபீஸ் எவ்ளோ மேடம்?"

கேரல் ஃபைலைப் பார்த்தாள். இரண்டு நாள் வேலை, பெட்ரோல், சில்க் போர்டு. "மூவாயிரம்" என்றாள்.

மங்களம் ஒன்றும் சொல்லவில்லை.

பர்ஸைக் கையில் வைத்தபடி நின்றாள். கோபமில்லை, வருத்தமில்லை. நகரவும் இல்லை. கீழே பேக்கரியில் யாரோ பன்னுக்குச் சில்லறை கேட்டார்கள். சுவர்க்கடிகாரம் டிக் டிக் என்றது.

கேரல் ஃபைலை மூடினாள். திறந்தாள். பேனாவை எடுத்து வைத்தாள். பதினான்கு வருடப் பழக்கத்தில் அவள் கழுத்துக்குப் பின்னால் மெல்ல வேர்த்தது.

கவி அவளைப் பார்த்தான். அவள் கவியைப் பார்த்தாள்.

"ஸ்வல்ப இருங்க" என்று சொல்லிவிட்டு, அந்த ஒற்றை அறையில் உள்ளே போக வேறு அறை இல்லாததால், கேரல் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.